எலுமிச்சை எண்ணெயைத் தேய்த்து வெயிலில் காட்டாதே

ஸ்டெல்லா,

மத்ததெல்லாம் அப்புறம் படிக்கலாம். முதல்ல இதைச் செய். உன் கல்யாணத்துக்கு என் அழகு நிலைய மேடம் குடுத்த டப்பாவில மூணு சின்ன பாட்டில் இருக்கே, அதுல பச்சை மூடி போட்ட எலுமிச்சை எண்ணெயைப் பாப்பா உடம்புல தேய்க்காதே. தேங்காயெண்ணெயில ஒரு சொட்டுகூடக் கலக்காதே. மத்த ரெண்டும் வேணாம், கைக்குழந்தைக்கு எதுவுமே வேணாம். ஏற்கெனவே தேய்ச்சிருந்தா சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு, ரெண்டு மூணு நாளைக்கு வெயில் படாம வீட்டுக்குள்ளேயே வெச்சிரு. எங்கேயாவது சிவந்திருந்தாலோ கொப்புளம் மாதிரி தெரிஞ்சாலோ யார் என்ன சொன்னாலும் நிக்காதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. எலுமிச்சைத் தோல் எண்ணெயைத் தேய்ச்சு வெயில்ல காட்டினோம்னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு. மறைக்காதே. மறைச்சா என்ன ஆகும்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

உன் கடுதாசி நேத்து, சனிக்கிழமை மத்தியானம் வந்தது. பாப்பா சிரிக்கறா, கழுத்து நின்னுடுச்சுன்னு எழுதியிருந்ததைப் படிச்சு நான் தனியா நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குக் கீழே எழுதியிருந்தே: 'மாமி பாப்பா நிறம் கம்மின்னு தினமும் சொல்றாங்கம்மா. குளிப்பாட்டறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் தேய்ச்சு காலை வெயில்ல காட்டறோம். அதுல மேடம் குடுத்த எலுமிச்சை எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா வாசனையாவும் இருக்கும், நிறமும் தெளியும்னு தோணுது. இந்த வாரம் செஞ்சு பார்க்கப் போறேன்.' நாலு தடவை படிச்சேன். கடுதாசி கிளுவாங்ல இருந்து வர மூணு நாள் ஆகியிருக்கு. மூணு நாள்ல நீ எத்தனை தடவை தேய்ச்சிருப்பேன்னு எண்ணிப் பார்த்தேன். கீழே சீன மருந்துக் கடைக்கு ஓடிப் போய் மாப்பிள்ளை வேலை செய்யற ஸ்டோருக்குப் போன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கலை. சனிக்கிழமை அரை நாள்தானே, பூட்டிட்டுப் போயிருப்பாங்க. உங்க வீட்டுல போன் கிடையாது. கட்டியிருந்த சேலையோட பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய்த் தந்தி குடுத்தேன். கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு, 'மலாய்ல எழுதட்டுமா ஆண்ட்டி'ன்னு கேட்டு எழுதினா. ஜாங்ஙான் பாக்காய் மிஞ்ஞா. எண்ணெய் போடாதேன்னு அர்த்தம் வர்ற மாதிரி. 'என்ன எண்ணெய்'னு கேட்டா. அழுதுட்டேன். நாளைக்குள்ள குடுப்பாங்களான்னு கேட்டதுக்கு, ஞாயித்துக்கிழமை நிச்சயமில்லை, திங்கட்கிழமை கண்டிப்பாப் போயிடும்னு சொல்லிட்டா.

இன்னிக்கு ஞாயிறு. மாதா கோயில் பூசைக்கு நான் போகலை, அப்பா மட்டும் போயிருக்காங்க. என்ன அவசரம்னு அவங்க நேத்தே கேட்டாங்க. எண்ணெய் பழசாப் போயிருக்கும், குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்லி வெச்சேன். அதுவும் பொய்தான். இனிமே சொல்லப் போறதுல பொய் இல்லை. ஜன்னல்ல வெயிலைப் பார்க்கறப்பெல்லாம் அங்கேயும் இப்படித்தான் அடிக்குமோன்னு தோணுது. உட்கார்ந்து எழுதினாத்தான் இந்த நாள் நகரும்.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் சொல்றேன். சுங்கை சிப்புட்ல நாம தோட்டத்துல இருந்தப்ப எனக்கு வாசனைன்னா ஒண்ணுதான். ரப்பர் பால் புளிச்ச நாத்தம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில இருந்து போகாது. நீ சின்னப் பிள்ளையில என் கையால சோறு ஊட்டினா முகத்தைத் திருப்பிக்குவே. ரப்பரை அழிச்சு எண்ணெய்க்குச் செம்பனை நட்டப்ப வேலை போய் நாம ஜெலாப்பாங்குக்கு வந்துட்டோம். அப்பா லாரி ஓட்டப் போனாங்க, எனக்கு ஈப்போவுல அந்த அழகு நிலையத்துல துண்டு துவைக்கற வேலை கிடைச்சுது. மேடம் இங்கிலாந்துல படிச்சுட்டு வந்த சீனப் பொம்பளை. மொத நாள் ஒரு பாட்டிலைத் திறந்து கைக்குட்டையில ஒரு சொட்டு விட்டு என்கிட்ட நீட்டினாங்க. ஆரஞ்சுத் தோலை நகத்தால கிள்ளினா மூஞ்சியில தெறிக்குமே, அதேதான், ஆனா நூறு பழத்தை ஒரே நேரத்துல கிள்ளின மாதிரி. நான் அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் கையை உன் மூக்குக்கிட்ட காட்டினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடவே இல்லை.

ரெண்டு வருஷத்துல துண்டு துவைச்சவளைக் கை கால் பிடிச்சு விடற வேலைக்கு மேடம் ஏத்திவிட்டாங்க. பால் வெட்டின கைக்கு அழுத்தம் எங்கே குடுக்கணும்னு தெரியும்னு சொன்னாங்க. எண்ணெய்களைப் பத்தி அவங்க சொன்னதையெல்லாம் நான் மூக்காலயே படிச்சேன், எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதே. தூக்கம் வராம வர்றவங்களுக்கு ஆரஞ்சு, தலையணை ஓரத்துல ரெண்டு சொட்டு. குமட்டல், களைப்புன்னா எலுமிச்சையை முகர்ந்து பார்க்கக் குடுக்கறது. துக்கத்துல வர்றவங்களுக்கு பெர்கமோட், அது நாரத்தை மாதிரி ஒரு காய். மகனை விபத்துல பறிகுடுத்த ஒரு அம்மா வாராவாரம் வருவாங்க. அந்த வாசனையில அரை மணி நேரம் தூங்கிட்டு எழுந்து போயிடுவாங்க. நோய் தீரும்னு யார்கிட்டயும் சொல்லாதே, மனசு கொஞ்ச நேரம் இறங்கி உட்காரும், அவ்வளவுதான்னு மேடம் கண்டிச்சுச் சொல்லுவாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. தோலைப் பிழிஞ்சு எடுக்கற எலுமிச்சை எண்ணெயும் பெர்கமோட்டும் உடம்புல பட்டா அன்னிக்கும் மறுநாளும் வெயில்ல போகக் கூடாது, தோல் வெந்துடும்னு. நான் தலையை ஆட்டினேன். ஆனா மனசுக்குள்ள, இது வெள்ளைத் தோல்காரங்களுக்குச் சொல்றது, நாம வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க, நமக்கு என்ன ஆகும்னு நினைச்சேன். படிக்காதவளோட திமிர் அது.

அப்புறம் ஆயர் தாவார்ல இருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. நீ அப்ப ரேடியோ சாமான் செய்யற கம்பெனியில சேர்ந்து மூணு வருஷம், லைன் லீடராப் போட்டு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவங்க வீட்டுல நாலு பேர் வந்து தேத்தண்ணி குடிச்சாங்க. போறப்ப அந்தப் பையனோட அம்மா செருப்பை மாட்டிக்கிட்டே, 'பிள்ளை நல்ல பிள்ளைலா. கொஞ்சம் நிறம் மட்டும் இருந்தா'ன்னு சொல்லிட்டு அப்படியே நிறுத்திட்டாங்க. அடுத்த ஞாயிறு எல்லாரும் சாப்பிட வாங்க, அங்கே பேசி முடிக்கலாம்னும் சொன்னாங்க. நீ உள்ளே வந்து, 'நிறம் வேணும்னா பெயிண்ட் கடைக்குப் போகட்டும்'னு சிரிச்சே. அப்பாவும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை. நான் பொறந்தப்ப என்னைப் பார்க்க வந்தவங்க என் அம்மாகிட்ட இதையேதான் சொன்னாங்களாம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவ நான். என் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லிடக் கூடாதுன்னு நினைச்சேன். அவங்க சொன்னது தப்புன்னு நினைக்கலை, ஸ்டெல்லா. உன் நிறம்தான் தப்புன்னு நினைச்சேன். இதை எழுதறதுக்கே எனக்கு இவ்வளவு வருஷம் ஆயிருக்கு.

அழகு நிலையத்துக்கு வர்ற பொம்பளைங்க எலுமிச்சை தோலை வெளுக்க வைக்கும்னு பேசிக்குவாங்க. மேடம் அப்படிச் சொன்னதே இல்லை. நான் மேடத்துக்குத் தெரியாம ஒரு மருந்து பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை காலையில உன்னை ஸ்டூல்ல உட்கார வெச்சு, தேங்காயெண்ணெயில கலந்து, மேடம் சொல்ற அளவு இல்லை, அதுக்கு மேலே பத்து பங்கு, உன் கழுத்து, கன்னம், கை எல்லாம் அழுத்தித் தேய்ச்சேன். 'என்னம்மா இது, எரியுது'ன்னே. 'பதட்டம் போறதுக்குடி, மேடம் எல்லாருக்கும் போடறதுதான்'னேன். நீ நம்பிக் கண்ணை மூடிக்கிட்டே. நாடியைப் பிடிச்சுத் தூக்கி, ஒரு பக்கம் கன்னத்துல நாலு விரலையும் வெச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். அந்த இழுப்பு இன்னும் என் விரல்ல இருக்கு. பஸ்ல நீ வெயில் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தே. இறங்கி அவங்க வீட்டுக்கு நடந்தோம், உச்சி வெயில், குடை என் கையில இருந்தும் நான் விரிக்கலை, காத்து அடிக்குதுன்னு.

மறுநாள் உன் கழுத்து சிவந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் கொப்புளம். ஒரு வாரத்துல அது அடங்கி, கருப்பாத் தடம் விழுந்துச்சு. கழுத்துல எண்ணெய் வழிஞ்ச கோடு கோடா. கன்னத்துல நாலு விரல். நீ கண்ணாடி முன்னாடி நின்னு, அந்த விரல் மேலே உன் விரலை வெச்சுப் பார்த்துட்டு, 'இது யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கும்மா'ன்னு கேட்டே. நான் கதவுக்கிட்ட என் கையை முந்தானையில சுத்திக்கிட்டு நின்னேன். உனக்குத் தெரியாது, நான் அன்னிக்குக் காலையிலயே மேடத்துகிட்ட, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு இப்படி ஆயிருக்குன்னு சொல்லிக் கேட்டுட்டேன். மேடம் யோசிக்கவே இல்லை. 'எலுமிச்சை எண்ணெய் போட்டு வெயில்ல போயிருக்கா. கை வெச்ச இடம் அப்படியே தெரியும். மறைய வருஷம் ஆகும். வெயில்ல விடாம பார்த்துக்கச் சொல்லு'ன்னாங்க. ஆக, எனக்குத் தெரியும். உன் முகத்துல இருந்தது என் கைன்னு தெரிஞ்சுதான், 'கம்பெனியில ஏதோ மருந்து பட்டிருக்கு, அந்த வேலையை விட்டுடு'ன்னு உன்கிட்ட சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, அதுக்குள்ள கோயில்ல பேச ஆரம்பிச்சிருந்தாங்க. லாரி ஓட்டறவர், குடிச்சுட்டு வளர்ந்த பிள்ளையைக் கைநீட்டி அடிச்சுட்டாராம்னு. உன் மேலே ஒரு நாளும் விரல் வைக்காத மனுஷன். ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியே வந்தப்ப பக்கத்துல யாரும் நிக்கலை, அவங்க தனியா நின்னாங்க. அந்தப் பேச்சை அடைக்க எனக்கு ஒரு காரணம் வேணும், உண்மை இல்லாத ஒரு காரணம். கம்பெனி மருந்துன்னு நான் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு நேராக் கம்பெனி கேட்டுக்குப் போய், வெளியே வந்த சூப்பர்வைசர் தம்பியைச் சட்டையைப் பிடிச்சு உலுக்கினாங்க. 'என் பிள்ளை மூஞ்சியைப் பாருடா'ன்னு கத்தினாங்க. ஷிப்ட் மாறற நேரம், நூறு பேர் பார்த்தாங்க. நீ உள்ளே இருந்து ஓடி வந்து, 'அப்பா விடுங்க, அவர் என்ன செஞ்சாரு, நாங்க அந்த மருந்தே தொடறதில்லை'ன்னு கையெடுத்துக் கும்பிட்டதை அப்பா வந்து சொல்லி அழுதாங்க. உன்னை லைன் லீடரா ஆக்கினதே அந்தத் தம்பிதான். அடுத்த வாரம் நீயே வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டே. அன்னிக்குச் சாப்பாடு போட்டு, அப்புறம் சொல்றோம்னு அனுப்பின ஆயர் தாவார்ல இருந்து பதிலே வரலை. அது போனதுல எனக்கு வருத்தம் இல்லை. நீ வீட்டுக்கு வெளியே வராம இருந்தியே ஒரு வருஷம், அதுக்கு நான் யார்கிட்டப் போய் பதில் சொல்றது?

அந்த ஒரு வருஷத்துல நீ தூங்காமக் கிடந்தப்ப, நான்தான் கைக்குட்டையில ஆரஞ்சு எண்ணெய் விட்டுத் தலையணையில வெச்சேன். அது உனக்குக் கேட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தூங்கினே. 'நீங்க இல்லைன்னா நான் பைத்தியமாயிருப்பேன்மா'ன்னு ஒரு தடவை சொன்னே. இத்தனை வருஷத்துல நான் கேட்ட வார்த்தையிலேயே அதைத்தான் என்னால தாங்க முடியலை. அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லலை. தடம் மங்கிச்சு, காதுக்குக் கீழே ஒண்ணு மட்டும் நின்னுபோச்சு. அதையும் சேர்த்துப் பிடிச்சுத்தான் மாப்பிள்ளை உன்னைக் கட்டிக்கிட்டாரு. நல்ல மனுஷன். உன் கல்யாணத்துக்கு மேடம் அந்த மூணு பாட்டில் டப்பாவை என் கையில குடுத்து, 'வெயில் விஷயத்தை உன் பொண்ணுக்குச் சொல்லிடு'ன்னாங்க. 'சொல்லிடறேன் மேடம்'னேன். உன்கிட்ட, 'முகர்ந்து பார்க்க மட்டும்தான், மேலே போடாதே'ன்னேன். 'ஏன்மா'ன்னு கேட்டே. ஏன்னு சொன்னா அந்தக் கன்னத்து விரல் யாருதுன்னு சொல்லணும். 'காட்டமா இருக்கும்'னு சொல்லிட்டுப் பெட்டியை மூடிட்டேன். அந்த ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காப் பதில் சொல்லியிருந்தா, இன்னிக்கு இப்படி உட்கார்ந்து, பாப்பா தொடையில என் கை மாதிரி ஒரு தடம் விழுந்திருக்குமோன்னு நினைச்சுச் செத்துக்கிட்டிருக்க மாட்டேன்.

உன் மாமியார் மேலே எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கு. ஆனா நீ அவங்க பேச்சைக் கேட்டுப் பாப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. நிறத்தைப் பார்க்க ஆரம்பிச்சா கண்ணு அதுக்கப்புறம் பிள்ளையைப் பார்க்காது. நான் உன்னை அந்த ஸ்டூல்ல உட்கார வெச்சப்ப உன் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோலைத்தான் பார்த்தேன். பாப்பா கறுப்புன்னு இன்னொரு தடவை யாராவது சொன்னா, 'ஆமா, என்னை மாதிரி'ன்னு சொல்லு. உனக்காக நான் சொல்லாததை நீயாவது அவளுக்காகச் சொல்லு.

திங்கட்கிழமை.

காலையில மருந்துக் கடையில இருந்து கூப்பிட்டாங்க. படியில ரெண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தேன். நீதான் பேசினே. 'என்னம்மா தந்தியெல்லாம், பயந்தே போயிட்டோம். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை கால்ல தேய்ச்சேன். அன்னிக்கு இருந்து இங்கே மழை, வெளியவே கொண்டு போகலை. ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கா'ன்னே. அதுக்கப்புறம், 'எண்ணெய் பழசாயிடுச்சாம்மா?'ன்னு நீயே கேட்டே. நேத்து முழுக்க உட்கார்ந்து இத்தனை பக்கம் எழுதினவ நான். போனைப் பிடிச்சுக்கிட்டு, 'ஆமாம்மா, பழசு. கொட்டிடு'ன்னேன். நீயும் சரின்னுட்டே. பாப்பா பக்கத்துல ஏதோ சத்தம் போட்டா. போனை வெச்சுட்டு அந்தக் கடையிலயே பெஞ்சியில உட்கார்ந்துட்டேன்.

மேலே வந்தா மேசையில இந்தக் கடுதாசி. இனிமே இது தேவையில்லை. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை, நீ எண்ணெயைக் கொட்டிடுவே, பழசுன்னு நீயே ஒரு காரணமும் குடுத்துட்டே. கிழிச்சு அடுப்புல போட்டா முடிஞ்சுது. ரெண்டா மடிச்சுக் கையில எடுத்தும் பார்த்தேன். கிழிக்க முடியலை. அப்பா லாரிக்குக் கிளம்பிக்கிட்டிருந்தாங்க. அவங்களை உட்காரச் சொல்லி எல்லாத்தையும் சொன்னேன். முடிச்சதும், 'அந்தத் தம்பியைச் சட்டையைப் பிடிச்சேனே'ன்னாங்க. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

மத்தியானம் வந்தாங்க. கம்பெனி கேட்டுல விசாரிச்சாங்களாம். அந்தத் தம்பி பினாங்குக்கு மாறிப் போய் ரொம்ப நாளாச்சாம், அங்கே எங்கேன்னு யாருக்கும் தெரியலையாம். நான் போட்ட சோத்தைத் தொடலை. தட்டைத் தள்ளி வெச்சுட்டு, 'அவளுக்கு எழுதினதைப் போட்டாச்சா?'ன்னு கேட்டாங்க. இன்னும் இல்லைன்னேன். 'போடு. நான் படிக்க மாட்டேன், அது அவளுது'ன்னாங்க. உறையை என் கையில இருந்து வாங்கி மேல்விலாசத்தை அவங்களே எழுதினாங்க. எழுத்து கோணலா இருந்தா அது அப்பாவோடது.

இதைப் படிச்சதும் நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியலை. மன்னிச்சுடுன்னு கேட்க மாட்டேன், கேட்டா நீ பாவம்னு குடுத்துடுவே, உன்னை எனக்குத் தெரியும். கோபம் வந்தா வரட்டும். பதில் எழுதத் தோணலைன்னா எழுதாதே. ஆனா ஒரு நாள் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து, ஏன் செஞ்சேன்னு என் மூஞ்சிக்கு நேரா கேளு. எவ்வளவு திட்டணுமோ திட்டு. வராம மட்டும் இருந்துடாதே, ஸ்டெல்லா.

அம்மா